கொழுப்பு பத்தாத புழுக்கள்

மெழுகு ஊற்றிய சின்னத் தட்டில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர். அதற்குள் ஒரு புழு. அரை விரல் நீளம் இருக்கலாம். சாந்தாமணி அதன் தலைப்பக்கம் ஓர் ஊசியும் வால்பக்கம் ஓர் ஊசியும் குத்தி, பிளேடின் முனையால் முதுகைக் கீறினாள், சட்டைப் பொத்தானைக் கழற்றுகிற மாதிரி, அவ்வளவு நிதானமாக.

காலை பதினொரு மணி வெயில் கொட்டகையின் கண்ணாடி ஓட்டு வழியாக அவள் கைமேல் விழுந்துகொண்டிருந்தது. அந்த வெயிலுக்குள் அந்துப்பூச்சிச் செதில்கள் வெள்ளிப் பொடியாய் மிதந்தன.

"கொழுப்பு கொழுப்புன்னீங்கல்ல," என்றாள், மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். "வந்து பாருங்க. அது இல்லாதவன் எப்படி இருக்கான்னு."

முந்தின நாள் மத்தியானம் சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு அந்தச் சொல்லை நான் அவள்மேல் எறிந்திருந்தேன். "உனக்குக் கொழுப்பு சாந்தா. படிச்சவர் சொல்றாரு, கேக்க மாட்டேங்கற."

அவள் அப்போது ரசம் ஊற்றினாள். பதிலை ஒரு புழுவின் வயிற்றிலிருந்து எடுத்துக் காட்டப் போகிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்.

தறி நின்ற இடத்தில் அந்து

புதிதாய்ப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாந்தாமணி என் மனைவி. விலங்கியல் படித்தவள். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பல வருஷம் தினக்கூலியாய்ப் பூச்சி வளர்த்துவிட்டு, "இனி என்ற பூச்சிய நானே வளத்துக்கறேனுங்க" என்று சூலூருக்கு வந்துவிட்டாள். தறிகள் போய்க் காலியாய்க் கிடந்த எங்கள் கொட்டகையில் இப்போது வரிசை வரிசையாய் பிளாஸ்டிக் பேசின்கள். ஒவ்வொன்றின் வாயிலும் காடாத் துணி கட்டியிருக்கும். உள்ளே உடைத்த கம்பு. கம்புக்குள் அந்துப்பூச்சிப் புழு.

ஊரெல்லாம் அந்து விழாமல் இருக்க வேப்பிலை போடும். எங்கள் வீட்டில் அந்து நன்றாய் விழ வேண்டும் என்று ஜன்னலுக்கு வலை அடிக்கிறோம். "உங்கூட்டுல அரிசியிலயும் அந்துதானுங்களா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

காரியம் இதுதான். அந்துப்பூச்சி முட்டை போடும். அந்த முட்டைகளை அட்டையில் ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத ஒரு குளவியிடம் கொடுத்தால், அது அந்து முட்டைக்குள் தன் முட்டையை வைக்கும். அந்த அட்டையைப் பயிர்க்காட்டில் கட்டினால், பிறந்து வருகிற குளவிகள் பறந்துபோய், பயிரைத் தின்னும் புழுவின் முட்டைகளைத் தேடி அதேபோல் கெடுக்கும். புழு பிறக்கவே பிறக்காது. மருந்தடிக்கிற வேலை இல்லை.

வெள்ளகோவில் பக்கத்தில் பாப்பாத்தி அக்கா என்று ஒருவர். மக்காச்சோளம் போடுகிறவர். படைப்புழு தின்று தின்று, மருந்தடித்து மருந்தடித்து, கடைசியில் மாட்டுக்குச் சோளத்தட்டு போடவே பயந்துபோனவர். சாந்தாமணியின் பேச்சை நம்பி, சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு காட்டுக்காரர்களைத் திரட்டினார். "இந்த வெள்ளாமைக்கு ஸ்பிரேயரத் தொடறதில்லீங் கண்ணு. நீ வாராவாரம் அட்டை குடுத்துப்போடு. மத்ததெ நான் பாத்துக்கறேன்."

சரி என்றாள் சாந்தாமணி. விதைத்தார்கள். மழையும் ஒத்துழைத்தது. பயிர் முழங்காலைத் தொடப்போகிற நேரத்தில், எங்கள் கொட்டகையில் அந்துப்பூச்சிகள் முட்டை போடுவதைக் குறைத்துக்கொண்டன.

கட்டுச்சோற்றுக்காரி

அந்தத் தாய்ப்பூச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு.

பார்க்க ஒன்றுமில்லை. சாம்பல் நிறம். ஊதினால் பறந்துவிடும். ஏறக்குறைய ஒரு வாரம்தான் ஆயுசு. அந்த வாரம் முழுக்க அது சாப்பிடுவதில்லை. தேன் கலந்த தண்ணீரைப் பஞ்சில் நனைத்துத் தொங்கவிட்டால் ஒப்புக்கு நக்கும். அவ்வளவுதான். ஆனாலும் பறக்கிறது. துணை தேடுகிறது. முட்டையாய்க் கொட்டுகிறது.

எங்கிருந்து வருகிறது இத்தனை பலம்? புழுவாய் இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பிலிருந்து. பயணம் போகிறவள் கட்டுச்சோறு கட்டிக்கொள்கிற மாதிரி, தன் சிறகுப் பருவத்துக்கு வேண்டியதை எல்லாம் சிறகு முளைக்கும் முன்னாலேயே கட்டிக்கொண்டு வருகிறது. வழியில் கடை கிடையாது.

அதனால்தான் கம்போடு கடலையை உடைத்துப் போடுவாள் சாந்தாமணி. கம்பில் மாவு. கடலையில் எண்ணெய். புழுவால் மாவிலிருந்தும் கொழுப்பு செய்துகொள்ள முடியும் என்பாள். ஆனால் அது நூல் வாங்கி நெய்து சட்டை தைத்துப் போட்டுக்கொள்கிற வேலை. கடலை என்றால் தைத்த சட்டை.

கொளுத்திப்போடுங்க

முட்டையைச் சலிக்கும் காலையில் அவள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கிண்ணத்தைச் சாய்த்து, கடுகைவிடச் சிறிய அந்த முத்துகள் உருள்வதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அந்த வாரம் சாய்த்துப் பார்க்க ஒன்றும் இல்லை. கிண்ணத்தின் அடியே மறையவில்லை.

பூச்சிகளும் சின்னதாய் இருந்தன. சிலதற்கு இறக்கை சரியாய் விரியவில்லை. மூன்றாம் நாளே பேசினுக்கு அடியில் உதிர்ந்து கிடந்தன, கசங்கிய பஸ் டிக்கெட் மாதிரி.

அவள் மதிக்கிற பூச்சியியல் பேராசிரியர் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்றவர். கூப்பிட்டதும் வந்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி நாலைந்து பேசின்களைப் பார்த்தார். முகம் இறுகியது.

"நோய் மாதிரித் தெரியுதும்மா. இப்படித்தான் ஆரம்பிக்கும். யோசிக்காதீங்க, இந்தப் பூச்சிக் கல்ச்சரையே கொளுத்திப்போடுங்க. ரூமைக் கழுவி, ஒரு மாசம் காயவிட்டு, புதுசா ஆரம்பிங்க."

"ஒரு மாசங்களா ஐயா?"

"ஒண்ணரையாக்கூட ஆகும்."

ஒன்றரை மாதத்தில் மக்காச்சோளம் கதிர் விட்டுவிடும். அட்டை வராவிட்டால் வெள்ளகோவில்காரர்கள் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டுவார்கள். அதற்கப்புறம் சாந்தாமணி என்ற பெயரைச் சொல்லி ஒருத்தரும் அட்டை கட்டமாட்டார்கள். அவளுக்கு அது தெரியும்.

"ரெண்டு நாள் பொறுங்கய்யா. பாத்துப்போட்டுச் சொல்றேனுங்க."

"பரவுனா பக்கத்து யூனிட்டுக்கெல்லாம் போகும்மா," என்றார் அவர். கோபமில்லை, கவலைதான். அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்துதான் நான் சோற்றின் முன்னால் அந்தச் சொல்லைச் சொன்னேன். உனக்குக் கொழுப்பு.

எனக்கு அது சுலபமான பழக்கம். யாராவது படித்தவர் கொஞ்சம் உரக்கச் சொன்னால் தலையாட்டிவிடுவேன். என் வசன கவிதையில் ஒரு வரியை ஒரு பத்திரிகைக்காரர் வெட்டச் சொன்னால் இரண்டு வரியாய் வெட்டி அனுப்புகிற ஆள் நான்.

மூணு நாள் வித்தியாசம்

மறுபடி அந்தத் தட்டுக்கு வருவோம்.

நான் குனிந்து பார்த்தேன். கீறிய முதுகுக்குள் நீளமாய் ஒரு குடல், பச்சையும் பழுப்புமாய். அதைச் சுற்றி அங்கங்கே திட்டுத் திட்டாய் வெள்ளை. அவ்வளவுதான்.

"இது நீங்க வெச்ச பேசின்," என்றாள். புழுவை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துக் கீறினாள். "இது நான் வெச்சது."

இரண்டாவது புழுவுக்குள் குடலே தெரியவில்லை. வெண்ணெய் நிறத்தில் மடல் மடலாய்ப் பிதுங்கியது. பிளேடு பட்டதும் சொட்டுத் தண்ணீரின் மேல் மினுமினுவென்று எண்ணெய்த் துளிகள் மிதந்து வந்தன. இட்லிக்குச் சாம்பார் ஊற்றி நெய் விட்டால் மிதக்குமே, அது மாதிரி.

பேசின் வைத்த கதை இப்படி. ஒரு மாதத்துக்கு முன்னால் அவளுடைய அக்காவுக்குத் தாராபுரத்தில் ஆபரேஷன். பத்து நாள் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் போனாள். அந்தப் பத்து நாளும் பேசின் போட்டவன் நான். கம்பை உடைத்து, வறுத்து, ஆறவிட்டு, அவள் எழுதிக் கொடுத்த தாளைப் பார்த்து எல்லாவற்றையும் கலந்து, முட்டை தூவி, துணி கட்டி. வரிசை பிசகாமல் செய்தேன் என்று எனக்கே ஒரு பெருமை.

"கடைசியா நீங்க வெச்சதுக்கும், நான் வந்து மொதல்ல வெச்சதுக்கும் மூணு நாள்தான் வித்தியாசம்," என்றாள். "அதே முட்டை, அதே ரூம். பக்கத்துல பக்கத்துல இருக்குது. நோயா இருந்தா என்ற பேசினுக்கும் வந்திருக்கோணுமல்ல? நோய்க்குப் பேசின் வெச்சது யாருன்னு தெரியுமா?"

நான் இரண்டு புழுவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"என்ன போட்டீங்க?"

"நீ எழுதுனதுதான். பாரு, தாள் இன்னும் சட்டைப்பையில இருக்குது."

இருந்தது. அவள் கையெழுத்தில், கம்பு என்ற வரிக்குக் கீழே தெளிவாய்: *கடலை மாவு, பேசினுக்கு ரெண்டு கை.*

"செரி. கடலையை எங்க அரைச்சீங்க?"

"எதுக்கு அரைக்கோணும்? காந்திபுரத்துல அச்சாபீசுக்குப் போனப்ப மாவாவே வாங்கிட்டு வந்தேன்."

அவள் மெல்ல எழுந்தாள். அலமாரிக்கு அடியிலிருந்த தகர டப்பாவை எடுத்தாள். மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடினாள்.

"ஏனுங்க."

"என்ன?"

"இது பஜ்ஜி மாவுங்க."

ஒரு சொல், இரண்டு பயறு

நம் பக்கத்தில் கடலை என்றால் என்ன? மண்ணுக்கடியில் காய்ப்பது. கள்ளக்கா. காட்டிலிருந்து பிடுங்கி ஓடு உடைத்துத் தின்பது. பஸ்ஸில் 'கடலை, கடலை' என்று விற்றால் அதுதான். ஆனால் அதே கடலைக்குப் பின்னால் 'மாவு' என்று சேர்த்துக் கடையில் கேட்டால், நிலக்கடலை ஒதுங்கிக்கொள்ளும். கடலைப்பருப்பு முன்னால் வந்து நிற்கும். பஜ்ஜிக்கும் பக்கோடாவுக்குமான மஞ்சள் மாவு. எண்ணெயில் வேகுமே தவிர, அதற்குள் எண்ணெய் என்று பெரிதாய் ஒன்றும் கிடையாது.

அவள் எழுதியது, கடலையை மாவாக்கிப் போடு என்று. நான் வாங்கியது, கடலை மாவு. இருபது வருஷத்துக்கு மேல் ஒரே வீட்டில் ஒரே தமிழ் பேசுகிறோம். சொல்லைத் தொழிலாய் வைத்திருப்பவன் வேறு. என் கவிதையில் ஒரு சொல்லுக்கு இரண்டு அர்த்தம் வந்தால் சந்தோஷப்படுவேன். அன்றைக்கு அந்த இரண்டாவது அர்த்தத்தில் நாற்பது பேசின் புழு இளைத்துக் கிடந்தது.

"பத்து நாள் பஜ்ஜி வாசம் அடிச்சிருக்குமே, தெரியலைங்களா?"

"பசிச்சுது. ஏன்னு தெரியல."

அவள் முதலில் சிரிக்கவில்லை. டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு தோள் குலுங்கியது. பிறகு கொட்டகை முழுக்கச் சிரிப்பு. கட்டிய துணிகளுக்கு அடியில் பூச்சிகள் படபடத்தன. பேராசிரியருக்குப் போன் போட்டாள். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "நான் நோயைத் தேடி வந்தேம்மா, அதனால நோய்தான் தெரிஞ்சுது. நல்லவேளை, நீங்க கொளுத்தலை."

கொளுத்தியிருந்தால், என் பேசின்களோடு அவள் வைத்த அந்த வெண்ணெய்ப் புழுக்களும் போயிருக்கும்.

காலி வண்டி

பிறந்துவிட்ட பூச்சிகளுக்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. கட்டுச்சோறு கட்டுகிற பருவம் தாண்டியாயிற்று. இன்னும் தின்றுகொண்டிருந்த புழுக்களுக்கு மட்டும் வழி இருந்தது. அன்று மத்தியானமே கடலை உடைக்க உட்கார்ந்தோம். மிக்ஸி சூடாகிச் சூடாகி நின்றது. ஒவ்வொரு பேசினாய்த் துணியை அவிழ்த்துத் தூவினோம். வீடெல்லாம் பச்சைக்கடலை வாசம்.

தூவிக்கொண்டே அவள் சொன்னதை எல்லாம் எழுதினால் இதழ் முழுக்க ஆகும். கொஞ்சம் சொல்கிறேன்.

புழு கடலையைக் கடிக்கிறது. குடலில் சுரக்கும் நொதி எண்ணெயைத் துண்டு துண்டாய் வெட்டுகிறது. வெட்டிய துண்டுகள் குடல் சுவருக்குள் நுழைந்து மறுபடி ஒன்றுசேர்கின்றன. அப்புறம் இரத்தம். பூச்சிக்கு இரத்தம் சிவப்பில்லை, வெளிறிய தண்ணீர். அதில் ஒரு புரதம் வண்டியாய் ஓடுகிறது. குடல் ஸ்டாப்பில் கொழுப்பை ஏற்றிக்கொண்டு, அந்த வெள்ளை மடலில் இறக்கிவிட்டு, தான் உடையாமல் கலையாமல் காலியாய்த் திரும்பி வந்து அடுத்த லோடுக்கு நிற்கிறது.

"காந்திபுரம் சூலூர் டவுன் பஸ்னு சொல்லு," என்றேன்.

"இந்த வண்டியாச்சும் நேரத்துக்கு வருமுங்க."

அந்த மடல்தான் பூச்சிக்குக் குதிரும் அடுப்படியும். நமக்கு ஈரல் செய்கிற வேலையும் அதற்குத்தான். பறக்க வேண்டிய நேரத்தில் மூளைக்குப் பக்கத்திலிருக்கும் சுரப்பியிலிருந்து ஒரு சேதி வரும். மடல் பூட்டைத் திறந்து கொழுப்பை அனுப்பும். சிறகு எரித்துக்கொள்ளும். முட்டைக்குள் போக வேண்டியதும் அங்கிருந்துதான் போகிறது.

இன்னொன்று சொன்னாள். நான் தூவுவதை நிறுத்திவிட்டேன். கொழுப்பு எரிந்தால் உடம்புக்குள் தண்ணீர் பிறக்குமாம். காய்ந்த கம்புக்குள், குடிக்க ஒரு சொட்டு இல்லாமல், அந்தப் புழு வாழ்கிறதே, அதில் இந்தத் தண்ணீருக்கும் பங்கு உண்டாம். எனக்கு உடனே எங்கள் பூமி நினைவுக்கு வந்தது. மேற்கே மலையில் பெய்கிற மழை எங்களைத் தாண்டிப் போய்விடும். அப்புறமும் இங்கே தறி ஓடியது, மில் ஓடியது, மோட்டார் ஓடுகிறது, காடு விளைகிறது. வாங்கிக்கொண்ட தண்ணீர் கொஞ்சம். உள்ளே எரித்து உண்டாக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

"கடலையத் தூவுங்க, கவிதையப் பொறவு பாத்துக்கலாம்," என்றாள்.

வெள்ளகோவில் களத்தில்

அந்த வாரத்துக்குப் பாதி அட்டைகள்தான் தேறின. போன் பண்ணிச் சொன்னால் போதும் என்றேன். "நேர்ல போய்ச் சொல்றதுதான் மொறைங்க," என்று கிளம்பினாள். பல்லடம், காங்கயம் தாண்டிப் பஸ் போய்க்கொண்டிருக்க, மடியில் அட்டைப்பெட்டியைக் குழந்தைபோல வைத்திருந்தாள். வெயில் படாமல் முந்தானையால் மூடியிருந்தாள்.

பாப்பாத்தி அக்காவின் களத்தில் எல்லாரும் கூடியிருந்தார்கள். அவருடைய கொழுந்தனார் ராசு, முதுகில் ஸ்பிரேயரோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்துக் காட்டில் புழு விழுந்துவிட்டது என்று காலையிலேயே மருந்து கலக்கிவிட்டாராம்.

"இந்த வாரம் பாதி அட்டைதானுங்க," என்று ஆரம்பித்தாள் சாந்தாமணி. "என்ற தப்புதான். பூச்சிக்குத் தீனி எழுதுனதுல ஒரு வார்த்தை பெசகிப்போச்சு. ரெண்டு வாரத்துல நெறையா வந்துரும்."

எல்லாரும் ராசுவின் ஸ்பிரேயரைப் பார்த்தார்கள். என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. சொல்லலாமா, அவள்தான் சொல்லிவிட்டாளே, விட்டுவிடலாமா. அப்புறம் எப்படியோ சொல்லிவிட்டேன்.

"அவ தப்பு இல்லீங்க. கள்ளக்காய்க்குப் பதிலா பஜ்ஜி மாவு போட்டது நானுங்க."

பாப்பாத்தி அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். "பூச்சிக்குப் பஜ்ஜி மாவா? ஏனுங் கண்ணு, உங்கூட்டுக்காரரு என்ன வேலை பாக்கறாரு?"

"கவிதை எழுதறாருங்க அக்கா."

"அப்பச் செரி," என்றார் அக்கா, எல்லாம் விளங்கிவிட்ட மாதிரி. களமே சிரித்தது.

ராசு மட்டும் சிரிக்கவில்லை. "சிரிச்சுட்டு இருந்தா புழு நிக்குமுங்களா? பாதி அட்டை குடுங்க, நான் ஒரு தடவை மருந்தும் அடிச்சுக்கறேன்."

சாந்தாமணி பெட்டியை மூடினாள்.

"மருந்தடிச்சா என்ற குளவியெல்லாம் செத்துப்போகுமுங்க. அடிக்கறதுன்னா அடிங்க. அட்டை கெடையாது. ரெண்டுல ஒண்ணு."

"கொழுப்பப் பாருங்க," என்றார் ராசு, என்னைப் பார்த்து. "உங்கூட்டு அம்மணிக்குக் கொழுப்பு நொம்ப சாஸ்திங்க."

"ஆமாங்க," என்றேன். அந்தத் தடவை நாக்கு ஒட்டவில்லை. "தானாத் தின்னு தானாச் சேத்ததுங்க. அதுலதான் எங்கூடு பறக்குது."

சாந்தாமணி என் பக்கம் திரும்பவில்லை. ஆனால் காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். ராசுவைக் கூட்டிக்கொண்டு சோளத்துக்குள் இறங்கினாள். இலைக்கு அடியில் பஞ்சுபோல் ஒட்டியிருந்த படைப்புழு முட்டைக் குவியலைக் காட்டி, விரலால் நசுக்கினாள். அட்டை எட்டாத காடுகளில் இரண்டு வாரத்துக்கு இப்படிக் கையால் நசுக்க வேண்டும் என்று ஆள் பிரித்துவிட்டாள். ராசு ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டு வரிசையில் நின்றார். முழு மனசோடு என்று சொல்ல மாட்டேன். நின்றார்.

கறுத்த சேதி

இரண்டு வாரம் முடிகிற ஒரு காலை. வெண்ணெய்ப் புழுக்களெல்லாம் பூச்சியாகியிருந்தன. கிண்ணம் நிறைய முட்டை. அட்டைகள் வெள்ளகோவில் போய்ச் சேர்ந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. குளவி புகுந்த முட்டை கறுத்துவிடும். மற்ற இடங்களில் கறுத்துப்போச்சு என்றால் கெட்ட சேதி. எங்கள் தொழிலில் நல்ல சேதி.

போன் அடித்தது. எடுத்தேன்.

"கொழுப்பெடுத்த அம்மணி இருக்காங்களா?" ராசுவின் குரல். "சொல்லிப்போடுங்க. எங்காட்டுல எலைக்கு எலை முட்டை கறுத்துப்போச்சு. வந்து பாக்கச் சொல்லுங்க."

அவளிடம் போனைக் கொடுத்தேன். கேட்டாள். "செரிங்க. நல்லதுங்க. வாரேனுங்க," என்றாள். அவ்வளவுதான். போனை வைத்துவிட்டு மறுபடி கடலை உடைக்க உட்கார்ந்தாள். பக்கத்தில் புதுத் தகர டப்பா. அதன்மேல் பெயின்ட்டில் பெரிய எழுத்தில் 'கள்ளக்கா' என்று எழுதி, சந்தேகத்துக்கு ஒரு காய்ப் படமும் வரைந்து வைத்திருந்தாள்.

நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நினைத்தாளோ, ஒரு கை கடலையை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"தின்னுங்க," என்றாள். "உங்களுக்குந்தான் கொஞ்சம் பத்தலை."